ஃபிரெடி மெர்க்குரி பாட்டுப் படிக்காதவரா? கோபி அம்மிணிக்கு ஒரு பதில்

கோபிச்செட்டிபாளையத்திலிருந்து ஓர் அம்மிணி கேட்டிருந்தார். மகன் கோவையில் இன்ஜினியரிங் படிக்கிறான். நாலு பசங்க சேர்ந்து ராக் பேண்டு ஆரம்பித்திருக்கிறார்கள். முன்னால் நின்று பாடுவது இவன்தான். சனி, ஞாயிறு ஆனால் கூட்டாளி ஒருத்தனுடைய பழைய தறிக்குடோனில் ரிகர்சல். திங்கட்கிழமை போன் போட்டால் குரலே வருவதில்லை. திட்டினால், ரூம் சுவரில் ஒட்டி வைத்திருக்கும் மீசைக்காரரைக் காட்டி, "இவரெல்லாம் பாட்டு கிளாசுக்குப் போயா பாடுனாரு? நாலு ஆக்டேவ் பாடுவாரும்மா" என்கிறானாம். (ஆக்டேவ் என்றால் ஒரு ஸ்தாயி, ச-விலிருந்து மேல் ச வரைக்கும்.) "ஏனுங்கண்ணா, அந்த ஆளு யாருங்க? நெசமாலுமே படிக்காமயே பாடுனவருங்களா?" என்பது அம்மிணியின் கேள்வி.

நான் ஈரோட்டுப் பக்கம் ஆர்கெஸ்ட்ராவில் பதினாறு வருசம் பாடினவன். அதற்கப்புறம் மைக்கை விட்டுவிட்டு, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற சவுண்ட் மிக்ஸர் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். ஏன் உட்கார்ந்தேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். அந்த மீசைக்காரர் ஃபிரெடி மெர்க்குரி, இங்கிலாந்தின் "குவீன்" ராக் குழுவில் முன்னால் நின்று பாடினவர். கேள்விக்குப் பதில் ஒரே வரிதான்: பாட்டு கிளாசுக்குப் போகாதவர், ஆனால் படிக்காதவர் இல்லைங்க. பியானோவும் படம் வரைவதும் படித்து, பாட்டும் ஜனத்தை ஆட்டி வைப்பதும் பழகிப் பழகி வந்தவர். பையன் சொல்வதில் பாதி, கச்சேரி முடிந்து டீக்கடையில் நின்று பேசுகிற கதை.

அவர் பிறந்தது 1946 செப்டம்பர் 5, ஆப்பிரிக்கக் கரையோரத் தீவான சான்சிபாரில். பேர் ஃபரூக் புல்சாரா. குஜராத்தில் இப்போது வல்சாட் என்று சொல்கிற ஊருக்கு அப்போது புல்சார் என்று பேர். அங்கிருந்து போன பார்சிக் குடும்பம். அப்பா வெள்ளைக்கார அரசாங்கத்தில் கேஷியர். எட்டு வயசுப் பையனைக் கப்பலேற்றி, மகாராஷ்டிராவில் பஞ்ச்கனி என்ற மலையூருக்கு விடுதிப் பள்ளிக்கு அனுப்பினார்கள். நம்மூர் வசதிக்காரர்கள் பிள்ளைகளை லவ்டேலுக்கும் கோத்தகிரிக்கும் அனுப்புகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பியானோ படித்தார். நாலாம் கிரேடு வரை பரீட்சை எழுதித் தேறியிருக்கிறார். பன்னிரண்டு வயசில் பள்ளித் தோழர்கள் நாலு பேரோடு "தி ஹெக்டிக்ஸ்" என்று ஒரு குழு. பையனிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்: அந்தக் குழுவில் இவர் பாடகர் கிடையாது. பாடினது வேறு பையன். இவர் பியானோ வாசித்துக்கொண்டு பக்கவாட்டில் இருந்தவர்.

1964-ல் சான்சிபாரில் புரட்சி வெடித்து, குடும்பம் உயிர் பிழைத்தால் போதும் என்று லண்டன் பக்கம் ஃபெல்தம் என்கிற இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அவருக்குப் பதினேழு வயசு. ஹீத்ரோ ஏர்போர்ட்டில் பெட்டி தூக்கியிருக்கிறார். ஈலிங் கலைக் கல்லூரியில் கிராஃபிக் டிசைன் படித்து 1969-ல் டிப்ளமோ வாங்கினார். கென்சிங்டன் மார்க்கெட்டில் பழைய துணிக்கடை போட்டார். கடையில் கூட்டாளி டிரம்மர் ராஜர் டெய்லர். டெய்லரும் கிட்டார்காரர் பிரையன் மேயும் "ஸ்மைல்" என்று ஒரு குழு வைத்திருந்தார்கள். இவர் அந்தக் குழுவின் பின்னாலேயே சுற்றிக்கொண்டு, இப்படி உடுத்துங்கள், அப்படி நில்லுங்கள் என்று ஓயாமல் யோசனை சொல்லிக்கொண்டிருந்தாராம். நம்ம கச்சேரிகளிலும் மேடைக்குப் பக்கத்தில் இப்படி ஒருத்தர் நிற்பார். தொல்லையாகத்தான் இருக்கும். நூற்றில் ஒருத்தருக்கு உண்மையிலேயே விசயம் தெரிந்திருக்கும். 1970-ல் ஸ்மைலின் பாடகர் விலகவும், இவர் உள்ளே வந்தார். குழுவுக்கு "குவீன்" என்று பேர் வைத்ததும், தன் பேரை மெர்க்குரி என்று மாற்றிக்கொண்டதும் அப்போதுதான். டிசைன் படிப்பும் வீண் போகவில்லை: நாலு பேரின் ராசிகளை வைத்து (இரண்டு சிங்கம், ஒரு நண்டு, கன்னிக்கு இரண்டு தேவதைகள்) குழுவின் சின்னத்தை வரைந்தவர் இவரே. கன்னி இவருடைய ராசி.

பேஸ் கிட்டாருக்கு ஜான் டீக்கன் 1971-ல் சேர்ந்தார். அம்மிணி, இந்த இடம் உங்களுக்குத்தான். டீக்கன் எலக்ட்ரானிக்ஸ் பட்டதாரி. குப்பையில் கிடந்த ஒரு சர்க்யூட் போர்டை எடுத்து வந்து அவர் செய்த சின்ன ஆம்ப்ளிஃபயர், குவீன் பதிவுகளில் கடைசி வரைக்கும் வேலை செய்தது. பிரையன் மே பாதியில் விட்ட வானியல் ஆராய்ச்சியை முப்பது வருசத்துக்கு மேல் கழித்து 2007-ல் முடித்து டாக்டர் பட்டம் வாங்கினார். டெய்லர் பல் மருத்துவம் படிக்கப் போய், பிறகு உயிரியலில் பட்டம் வாங்கினவர். அரியர் வைத்தால்தான் ராக் வரும் என்று பையன் சொன்னால் இதை எடுத்து விடுங்கள்.

முதல் ஆல்பம் 1973-ல் வந்தது. கையில் காசு இல்லை. பெரிய ஆட்கள் பதிவு முடித்துவிட்டுப் போன பிறகு, காலியாகக் கிடக்கிற ராத்திரி நேரத்தில் ஸ்டுடியோவுக்குள் நுழைந்து பதிந்துகொண்டார்கள். 1974-ல் "கில்லர் குவீன்" இங்கிலாந்துப் பட்டியலில் இரண்டாம் இடம் பிடித்தது. ஜனத்துக்கு முகம் தெரிந்தது அதற்குப் பிறகு.

அடுத்த வருசம் "போஹீமியன் ராப்சடி". இதைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஏனென்றால் உங்கள் பையன் குடோனில் கத்திக்கொண்டிருப்பது இந்தப் பாட்டாகத்தான் இருக்கும், எழுதியே தருகிறேன். எழுதினவர் மெர்க்குரி. ஐந்து நிமிசம் 55 விநாடி. ரேடியோவில் மூன்று நிமிசப் பாட்டு ஓடுகிற காலத்தில் கம்பெனிக்காரர்கள் தலையில் கை வைத்துவிட்டார்கள். லண்டனில் கென்னி எவரெட் என்ற ரேடியோக்காரர் ஒரே வாரக்கடைசியில் 14 தடவை போட்டார். கடைக்கு ஜனம் வந்து கேட்க, ஒன்பது வாரம் முதலிடம்.

நடுவில் ஒரு பெரிய கூட்டமே பாடுகிற மாதிரி வருகிறதல்லவா, ஓபரா (மேற்கத்திய இசைநாடகம்) பாணிப் பகுதி, அதைப் பாடியது மூன்றே பேர்: மெர்க்குரி, மே, டெய்லர். ஒவ்வொரு அடுக்காகப் பாடி ஒன்றன் மேல் ஒன்றாக ஏற்றியிருக்கிறார்கள். 180 அடுக்கு வரை போனதாகக் கணக்கு. அந்தக் காலத்தில் எல்லாம் டேப்தான். திரும்பத் திரும்ப ஓட்டி ஓட்டி, டேப்பின் மேல் இருக்கிற காந்தப் பூச்சு தேய்ந்துபோய், வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் அந்தப் பக்கம் தெரிந்ததாம். ஆர்கெஸ்ட்ராவுக்கு முன்னால் நான் ஈரோட்டில் ஒரு ரெக்கார்டிங் சென்டரில் இருந்தேன். ஜனம் பேப்பரில் பன்னிரண்டு பாட்டு எழுதிக்கொண்டு வந்து கேசட்டில் ஏற்றித் தரச் சொல்லும். ஒரே மாஸ்டர் கேசட்டை வருசக்கணக்கில் ஓட்டினால் டேப் வெளுத்து, "ச" எல்லாம் "ஷ்" ஆகிவிடும். எங்களுக்கு அது நஷ்டக் கணக்கு. அதையே ஒரு பாட்டுக்காக, தெரிந்தே தேய்த்திருக்கிறார்கள்.

உச்சியில் ஒரு கீச்சுக் குரல் வருமே, உங்கள் பையன் நரம்பு புடைக்கப் பிடிக்கப் பார்க்கிற இடம், அது மெர்க்குரியே அல்ல, டிரம்மர் டெய்லர். மேடையில் இந்தப் பாட்டு வரும்போது ஓபரா பகுதியை அவர்கள் பாடவும் மாட்டார்கள். நாலு பேரும் உள்ளே போய்விடுவார்கள், டேப் ஓடும். கடைசிப் பகுதிக்குத் திரும்ப வந்து நிற்பார்கள். மற்றப் பாட்டுகளிலும், இசைத்தட்டில் உச்சத்தில் இருக்கிற வரியை மேடையில் கீழே இறக்கி வேறு மாதிரி பாடிவிடுவார். பழைய கச்சேரிப் பதிவுகளை எடுத்துக் கேட்டாலே தெரியும். இது ஏமாற்று வேலை இல்லை. நாளைக்கு அடுத்த ஊரில் பாட வேண்டுமே என்கிற கணக்கு.

அந்த நாலு ஆக்டேவ் கதை. 2016-ல் ஆஸ்திரியா, செக், ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள் அவருடைய குரலை அலசி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நாலு ஆக்டேவுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. பேட்டிகளில் அவர் பேசுகிற குரலின் சராசரி 117 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 117 அதிர்வு. மேற்கத்தியர் பாரிட்டோன் என்று சொல்கிற கனத்த ஆண்குரல். அதை வைத்துக்கொண்டு மேல் ஸ்தாயியில் பாடினவர். அவர்கள் கண்டுபிடித்த விசேசம் வேறு. சுரத்தை இழுத்து நிறுத்தும்போது குரலில் வருகிற அசைவு, வைப்ரட்டோ, அவருக்கு விநாடிக்கு ஏழு வரை போகிறது. மற்றப் பாடகர்களுக்குப் பொதுவாக 5.4-லிருந்து 6.9 வரைதான். அந்தக் கரகரப்பு எப்படி வருகிறது என்று பார்க்க, இன்னொரு பாடகரை அவர் மாதிரியே பாடச் சொல்லி, தொண்டைக்குள் அதிவேகக் கேமரா விட்டுப் படம் எடுத்திருக்கிறார்கள். குரல்நாணுக்கு மேலே இருக்கிற பொய்க் குரல்நாணும் சேர்ந்து அதிர்கிறது என்று தெரிந்தது. கத்துவதால் வருகிற கரகரப்பு வேறு, இது வேறு. வெளியிலிருந்து கேட்டால் இரண்டும் ஒன்று மாதிரி இருப்பதுதான் வம்பு.

அதற்காக அவர் தொண்டைக்குச் சேதமே இல்லை என்றும் இல்லை. குரல்நாணில் முடிச்சு வந்தது. 1975 அமெரிக்கப் பயணத்தில் கச்சேரிகளை ரத்து செய்திருக்கிறார்கள். ஆபரேசன் வேண்டாம் என்று இருந்துவிட்டார். பல்லும் அப்படித்தான்: வாயில் நாலு பல் அதிகம், அதனால்தான் முன்பல் தூக்கலாக இருக்கும். காசு வந்த பிறகும் சரி பண்ணிக்கொள்ளவில்லை, குரல் மாறிவிடுமோ என்று பயம்.

நான் மிக்ஸர் முன்னால் உட்கார்ந்த கதை இதுதான். பெருந்துறைப் பக்கம் ஓர் ஊரில் மாரியம்மன் நோம்பி. பாடுகிறவனுக்கு அவன் குரலைத் திருப்பிக் கேட்க வைக்கிற மானிட்டர் பாக்ஸ் ஒன்று வேலை செய்யவில்லை. ரேடியோ செட்டுக்காரர் "அட்ஜஸ்ட் பண்ணிக்கங்" என்றுவிட்டார். என் குரல் எனக்கே கேட்கவில்லை. கேட்காதபோது பாடகன் என்ன செய்வான்? கத்துவான். ஒன்பது மணிக்குத் தொடங்கி ஒன்றரை மணி வரைக்கும் கத்தினேன். நடுவில் ஒன்ஸ்மோர் வேறு. மறுநாள் காலையில் பால்காரரிடம் "அரை லிட்டர்" என்று சொல்ல வாய் திறந்தால் காற்றுதான் வந்தது. முடிச்சு. ஆறு மாசம் கழித்துக் குரல் திரும்பியது; மேல் சட்ஜம் மட்டும் திரும்பவே இல்லை. உங்கள் பையன் பாடுவது தகரம் போட்ட தறிக்குடோன். டிரம்ஸ் சத்தம் நாலு சுவரிலும் மோதித் திரும்பும். மானிட்டர் இருக்குமா என்றால், இருக்காது. திங்கட்கிழமை குரல் போவதற்குக் காரணம் மீசைக்காரர் இல்லைங்க, தகரம்.

தொண்டைக் கதை போதும், ஜனத்துக்கு வருகிறேன். அவர் பேர் நிற்பது அதில்தான். நம்ம பக்கம் வள்ளி கும்மி பார்த்திருப்பீர்கள். நடுவில் மைக்கோடு ஆசிரியர் நின்று ஓரடி பாடுவார். சுற்றி நிற்கிற நூற்றுக்கணக்கான பேர் அதே அடியை வாங்கித் திரும்பப் பாடுவார்கள். கை தட்டும் கால் தாளமும் சேர்ந்து விழும். மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டியில் இதைக் காலமெல்லாம் சொல்லிக்கொடுத்து 2024-ல் பத்மஸ்ரீ வாங்கிய பத்ரப்பன் ஐயாவைப் பற்றிப் பேப்பரில் படித்திருப்பீர்கள். கும்மி ஆசிரியருக்குப் பெரிய குரல் வேண்டியதில்லை. அவர் கொடுக்கிற அடி, வயசான பாட்டியும் மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் அப்படியே திருப்பிக் கொடுக்கிற மாதிரி இருக்க வேண்டும். கொடுத்த பிறகு காது கொடுத்துக் கேட்க வேண்டும். எந்தப் பக்கம் வரிசை பின்தங்குகிறதோ அந்தப் பக்கம் திரும்பி நிற்க வேண்டும்.

1985 ஜூலை 13, லண்டன் வெம்ப்ளி மைதானம், எத்தியோப்பியப் பஞ்சத்துக்காக நடந்த லைவ் எய்ட். எழுபதாயிரத்துக்கு மேல் கூட்டம். குவீன் ஏறினது சாயங்காலம் ஆறே முக்கால் வாக்கில். கோடைகால வெளிச்சம், மேடை விளக்கு எடுபடாது. புகை கிடையாது, சொந்த செட்டிங் கிடையாது, கிடைத்தது இருபது நிமிசம். மற்றக் குழுக்கள் பலதும் வந்ததும் பாடினதும் போனதுமாக இருக்க, இவர்கள் முன்கூட்டியே ஒரு தியேட்டரைப் பிடித்து, கடிகாரம் வைத்து ஒத்திகை பார்த்திருந்தார்கள். எந்தப் பாட்டை எங்கே வெட்டி எதில் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பது வரை. நடுவில் மெர்க்குரி பாட்டை நிறுத்திவிட்டு, "ஏ... ஓ" என்று ஒரு இழுப்பு கொடுக்கிறார். கூட்டம் திருப்பிக் கொடுக்கிறது. கொஞ்சம் நீட்டுகிறார், கொஞ்சம் வளைக்கிறார், கடைசியில் ஒன்றை நிறுத்திப் பிடிக்கிறார். முதல் இழுப்பு யாராலும் பாட முடிந்தது. கடைசி இழுப்பு ஜனத்தால் முடியாதது, ஆனாலும் அதற்குள் எல்லாருக்கும் முயற்சி பண்ணத் தைரியம் வந்துவிட்டது. எனக்குத் தெரிந்த கும்மி ஆசிரியர் ஒருவருக்கு இந்த வீடியோவைப் போட்டுக் காட்டினேன். முழுக்கப் பார்த்துவிட்டு, "அடி கொடுக்கத் தெரிஞ்ச ஆளுங்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

"வீ வில் ராக் யூ" பாட்டும் இதே சங்கதிதான், 1977. எழுதியவர் பிரையன் மே. கால் இரண்டு, கை ஒன்று. மரப்பலகை மேல் மிதித்தும் தட்டியும் பதிந்து, ஒவ்வொரு தட்டும் வெவ்வேறு தூரத்திலிருந்து வருவதுபோல் நேரத்தை அளந்து தள்ளி வைத்து, நாலு பேரை ஒரு ஊர்க்கூட்டமாக ஆக்கியிருக்கிறார். பௌதிகம் படித்த ஆள் அல்லவா. இந்த இடத்தில் பையனின் கூட்டாளிகளுக்கும் ஒன்று: குவீனில் நாலு பேருமே ஹிட் பாட்டு எழுதினவர்கள். "அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்" அதிகம் வாய் திறக்காத டீக்கனுடையது, அமெரிக்காவில் முதலிடம். "ரேடியோ கா கா" டெய்லருடையது. பாட்டு யாருடையது, காசு யாருக்கு என்று சண்டை வராமலில்லை. 1989 ஆல்பத்தில் எல்லாப் பாட்டுக்கும் நாலு பேர் பேரையும் சேர்த்துப் போட்டு அந்தப் பேச்சையே முடித்துவிட்டார்கள். முன்னால் நிற்கிறவன்தான் பேண்டு என்று உங்கள் மகன் நினைத்தால், மற்ற மூன்று பேரும் செமஸ்டர் முடிவதற்குள் போய்விடுவார்கள்.

பாதி மைக் ஸ்டாண்டு கதையும் கேட்டிருப்பான். ஆரம்பகாலக் கச்சேரி ஒன்றில் ஸ்டாண்டு பாதியில் உடைந்து கையோடு வந்துவிட்டது. அப்படியே பிடித்துக்கொண்டு பாடி முடித்தார், கடைசி வரைக்கும் அதையே தன் அடையாளமாக வைத்துக்கொண்டார். எங்கள் மேடையில் ஸ்டாண்டு உடைந்தால் வாடகையில் பிடித்தம்.

எல்லாமே சரியாகச் செய்தவரும் இல்லை. 1984-ல், நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவில் சன் சிட்டிக்குப் போய்க் கச்சேரி செய்தார்கள். உலகமே போகாதே என்று சொன்ன காலம். பிரிட்டிஷ் இசைக்கலைஞர் சங்கம் அபராதம் போட்டது. எனக்கு அது இன்னும் உறுத்துகிறது. வெள்ளைக்காரர் ஆட்சியில் தீவில் பிறந்த பார்சிப் பையனுக்கு அது தெரியாதா? அங்கேயே தொண்டை கட்டிக்கொண்டு சில கச்சேரிகள் ரத்தானது வேறு.

1986 ஜூலையில் ஹங்கேரியின் புடாபெஸ்ட். நடுக் கச்சேரியில் ஒற்றைக் கிட்டாரோடு அந்த ஊர் நாட்டுப்பாட்டு ஒன்றை அவர்கள் பாசையிலேயே பாடினார். வரிகளை உள்ளங்கையில் எழுதி வைத்துக்கொண்டு, ஒளிக்காமல் கையைப் பார்த்துப் பார்த்துப் பாடுவது வீடியோவில் தெரியும். மைதானமே அழுகிற மாதிரி பாடுகிறது. அதே வருசம் ஆகஸ்ட் 9, இங்கிலாந்தின் நெப்வொர்த்தில் குவீனோடு அவருடைய கடைசி மேடை. அது கடைசி என்று யாருக்கும் தெரியாது.

1987-ல் எய்ட்ஸ் என்று தெரிந்தது. ஆண்களோடு வாழ்ந்தவர் அவர். கடைசிக் காலத்தில் கூட இருந்து பார்த்துக்கொண்டவர் ஜிம் ஹட்டன். இளம் வயசில் காதலியாக இருந்து பிறகு உயிர்த்தோழியான மேரி ஆஸ்டினுக்குத்தான் கென்சிங்டன் வீட்டை எழுதி வைத்தார். அம்மிணி இதைக் கேட்கவில்லை, ஆனால் யாராவது இதை வைத்துப் பையனிடம் கோணலாகப் பேசினால் அவன் கூசாமல் பதில் சொல்லத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். இந்தியாவில் இந்தக் கிருமியை முதலில் கண்டுபிடித்துச் சொன்னதே சென்னையில்தான், 1986-ல், டாக்டர் சுனிதி சாலமன். நாமக்கல் லாரிப் பட்டறைகளில் தொண்ணூறுகளில் அந்தப் பேரைச் சொன்னாலே டம்ளரைத் தனியாக வைப்பார்கள், நானே பார்த்திருக்கிறேன். இன்றைக்கு அரசு ஆஸ்பத்திரியிலேயே இலவச மாத்திரை இருக்கிறது, நம்பி வாழலாம். கூட்டு மருந்து வந்தது 1996 வாக்கில். அவருக்கு ஐந்து வருசம் பத்தவில்லை.

அந்த நாட்களில்தான் ஓபரா பாடகி மான்செராட் கபாயேவோடு "பார்சிலோனா" பாடினார். 1991-ல் "இன்யுயெண்டோ" ஆல்பம். நிற்க முடியாத நிலையில் ஸ்டுடியோவுக்கு வந்து, பாடினவரைக்கும் பதிந்துகொள்ளச் சொன்னார். மே மாசம் பதிந்த கடைசிப் பாட்டின் கடைசி அடியை, அவர் திரும்பி வராததால், பிரையன் மே பாடி முடித்தார். நவம்பர் 23 அன்று நோயை உலகத்துக்கு அறிவித்தார். மறுநாள் ராத்திரி போய்விட்டார், 45 வயசு. பார்சி முறைப்படி குருமார்கள் வந்து சடங்கு செய்தார்கள்.

இனிப் பையனுக்கு. பாட்டை ஒன்றரைக் கட்டை இறக்கிப் பாடட்டும், யாரும் அடிக்க மாட்டார்கள். குடோனில் டிரம்ஸ்காரனை மூலையிலிருந்து நடுவுக்கு நகர்த்தி, சுவரோரம் பழைய மெத்தை, சாக்கு, ஜமுக்காளம் எது கிடைத்தாலும் தொங்கவிடச் சொல்லுங்கள். தகரச் சத்தம் பாதி குறையும். பழைய மானிட்டர் ஒன்று என்னிடம் சும்மா கிடக்கிறது, ஈரோடு வந்தால் எடுத்துக்கொண்டு போகட்டும். மூன்று வாரம் தாண்டியும் கரகரப்பு போகவில்லை என்றால் மிளகு, பனங்கற்கண்டு என்று இழுக்காமல் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் கூட்டிப் போய்க் குரல்நாணைப் பார்த்துவிடுங்கள். அப்புறம், தை பிறந்தால் உங்கள் பக்கம் எங்காவது கும்மி அரங்கேற்றம் இருக்கும். அன்றைக்கு அவனை போனை அணைத்து வைத்துவிட்டு, மைக் பிடித்திருக்கிற ஆசிரியருக்குப் பின்னால் ஒரு மணி நேரம் நிற்கச் சொல்லுங்கள்.